கேட்கத் தெரிவதும் கேட்க விடுவதும்

‘சரிங்க சார்.’ படிப்பை முடித்து வேலையில் சேரும் ஒருவர் முதல் மாதத்தில் அதிகம் சொல்வது இதுதான். வீட்டில் ‘சரிப்பா’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு மரியாதை. சொன்னது காதில் விழுந்தது, எதிர்த்துப் பேசவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். டீம் லீடு அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்: வேலை புரிந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை வேலை பாதியில் கிடக்கிறது. ‘புரியலைன்னா அன்னிக்கே கேட்டிருக்கலாமே’ என்கிறார் அவர். எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதே தெரியாமல் தலைகுனிந்து நிற்கிறார் புதியவர்.

என் முதல் வேலையில் எனக்கும் இது நேர்ந்தது. மூன்று நாள் உட்கார்ந்து நான் சரிபார்த்த கணக்குத்தாள் போன வருடத்துடையது. முதல் நாள் காலையிலேயே தலைப்பில் இருந்த ஆண்டைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பல இடங்களில் புதியவர்களோடு வேலை பார்த்துவிட்டேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் படிப்பு போதாமையால் இல்லை என்பது என் முடிவு. ஒரு பக்கம் அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. மறுபக்கம் அவர்களைக் கேட்க விடுவாரும் இல்லை. நம் கல்லூரிகளும் பயிற்சி வகுப்புகளும் முதல் பக்கத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது புரியும்.

வருகிறவர் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 18 முதல் 23 வயதுவரையிலான பிரிவில் மொத்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாட்டுச் சராசரி 28.4. தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிகளுக்கு 2010-11இல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ‘முதல் பட்டதாரி’ என்பது தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கிவைக்கும் ஒரு தகுதியாகவே ஆகிவிட்ட மாநிலம் இது. இது பெரிய சாதனை. நான் பெருமையோடு சொல்கிறேன்.

இந்தச் சாதனையின் மறுபக்கத்தில், வீட்டில் யாருமே அலுவலகத்தில் வேலை பார்த்திராத இலட்சக்கணக்கான இளைஞர்கள் இன்று அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள். வங்கி அதிகாரியின் மகள் சாப்பாட்டு மேசையிலேயே டிரான்ஸ்ஃபர், புரொமோஷன், மேலதிகாரியின் கோபம், விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டு வளர்கிறாள். மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்பதை எந்தச் சொல்லால் சொல்வது என்பது அவளுக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரியும். விசைத்தறி ஓட்டுபவரின் மகனுக்கும் லாரி ஓட்டுநரின் மகளுக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. பாடத்திட்டத்திலும் இது கிடையாது. ஒருவருக்குச் சொத்துபோல வந்து சேரும் இந்த அறிவை, இன்னொருவர் ஒவ்வொரு முறையும் அவமானப்பட்டுத்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

வேலை கிடைப்பதே பெரும்பாடு என்பதையும் மறக்க முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தில்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டதாரி இளைஞரிடையே 29.1 விழுக்காடு. படித்தவர் ஏற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார், படிக்காதவர் கிடைத்ததைச் செய்கிறார் என்பதும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். 2024இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் முதலில் அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 இலட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே எழுதக்கூடிய அந்தத் தேர்வில் பட்டதாரிகளும் பெருமளவில் உட்கார்கிறார்கள். இப்படிக் காத்திருந்து வந்தவருக்கு, கையில் இருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் எப்போதும் இருக்கும். பயந்தவர் கேள்வி கேட்கமாட்டார்.

தொழிலில் நுழையும் வழிகளைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரத்தில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஒருவர்தான் வழிகாட்டியிருந்தார். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்துப் பழக்கம்தான் புதிய செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் விளக்கம். லிங்க்ட்இன் தளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரை வைத்துச் செய்யப்பட்டு 2022இல் வெளியான ஆய்வும் பெரும்பாலும் இதையே உறுதிசெய்தது.

நம் ஊரில் இந்தத் தூரத்துப் பழக்கம் சீனியர் என்ற வடிவில் வருகிறது. ஒரே துறையில் இரண்டு ஆண்டு முன்னால் படித்த அக்காவோ அண்ணனோதான் ‘எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க, ரெஸ்யூம் அனுப்பு’ என்கிறார். அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பக் கூச்சப்பட்டு ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். உதவி கேட்பது கடன் கேட்பதுபோல என்று நினைக்கிறார்கள். அந்த சீனியரையும் யாரோ ஒருவர்தான் உள்ளே அழைத்துவந்திருப்பார் என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்தரின் நியூமனும் தில்லிப் பல்கலைக்கழகங்களிலிருந்து வேலைச் சந்தைக்குப் போன மாணவர்களைப் பின்தொடர்ந்து எழுதியபோது, நேர்காணலில் கேட்கப்படும் ‘குடும்பப் பின்னணி’ என்ற சாதாரணக் கேள்வி தலித் மாணவர்களை எப்படிக் கூசவைக்கிறது என்பதைப் பதிவு செய்தார்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலும் பெயரைப் பார்த்துச் சாதியை அறிய முடிவதில்லை; அதனால் வேறு வழியில் கேட்கிறார்கள். ‘சொந்த ஊர் எது, ஊருக்குள்ள எந்தப் பக்கம்’ என்று கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கூடி வேலை செய்வதைப் பற்றி எழுதுகிறவர் இதை விட்டுவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது.

இங்கேதான் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்ற சொல் வந்து நிற்கிறது. எப்படிக் கைகுலுக்குவது, எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது, எந்தச் சட்டை போடுவது என்று கடைசி ஆண்டில் பயிற்சி தருகிறார்கள். பெங்களூரின் மென்பொருள் துறையை நீண்டகாலம் ஆராய்ந்த சமூகவியலாளர் கேரல் உபாத்யா, இத்தகைய பயிற்சிகள் இளைஞரின் பழக்கவழக்கங்களைத் திருத்தப்பட வேண்டிய குறைகளாகப் பார்க்கின்றன என்று காட்டியிருக்கிறார். எனக்கும் அதே வருத்தம் உண்டு. குரூப் டிஸ்கஷன் என்ற தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடிப் பேசத் தெரிகிறதா என்று பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பத்துப் பேரில் முதலில் வாய் திறந்து, சத்தமாக, இடைவிடாமல் ஆங்கிலத்தில் பேசியவர் தேர்வாகிறார். அடுத்தவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டு அதில் ஒன்றைச் சேர்த்தவர் வெளியே போகிறார். வேலையில் தேவைப்படுவது இரண்டாமவரின் குணம்தான்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் ஆங்கிலப் பேச்சையும் தொழில்சார்ந்த பயிற்சிகளையும் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. கட்டணப் பயிற்சி நிலையத்துக்குப் போக முடியாத மாணவருக்கு இது உண்மையான உதவி. இத்தோடு மாணவர்கள் ஒருவரோடொருவர் வேலையைப் பிரித்துச் செய்யவும் பழக வேண்டும். பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்டில் நான்கு பேர் பெயர் இருக்கும். ஒருவர் செய்திருப்பார், ஒருவர் அச்சிட்டு பைண்டிங் போட்டிருப்பார், மற்ற இருவர் வைவாவுக்கு வந்து நிற்பார்கள். பேராசிரியருக்கும் அது தெரியும். கூட்டாக வேலை செய்யக் கற்றிருக்க வேண்டிய ஒரே இடத்தையும் இப்படி வீணாக்கிவிட்டு, மூன்று நாள் பயிற்சியில் அதைக் கற்றுத்தர முயல்கிறோம்.

கூட்டாக வேலை செய்வதைப் பற்றி ஆய்வுலகம் கண்டதில் முக்கியமானது ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக நடத்தப்படும் பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் தலைகீழாக இருந்தன. நல்ல பிரிவுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே காரணம் என்று பிறகு புரிந்தது. மற்ற இடங்களில் பயத்தால் எதுவும் வெளியே வரவில்லை. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 அணிகளை ஆராய்ந்து அவர் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். கேட்டாலோ தவறை ஒத்துக்கொண்டாலோ கேவலப்படுத்த மாட்டார்கள் என்ற நிம்மதி இருக்கும் அணிதான் கற்றுக்கொள்கிறது என்பது அதன் சாரம். 2012இல் தொடங்கி 180க்கும் மேற்பட்ட தன் அணிகளை ஆராய்ந்த கூகுள் நிறுவனமும் இதையே கண்டது. அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்கியது.

அந்த நிம்மதி நம் பக்கத்து அலுவலகங்களில் எப்படிக் குலைகிறது என்பதற்கு விளிப்புச் சொல்லே நல்ல சான்று. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைத்தால் வீட்டில் அடி விழும் என்று வளர்ந்தவருக்கு நாக்கு எழுவதில்லை. ‘சார்’ என்றால் சிரிக்கிறார்கள். ‘அண்ணா’ என்றால் கல்லூரிப் பழக்கம் என்கிறார்கள். பலர் எந்தப் பெயரும் சொல்லாமல், எதிரே போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து பேசத் தொடங்குகிறார்கள். அவர் நிமிரவில்லை என்றால் திரும்பி வந்துவிடுகிறார்கள். கேட்க நினைத்த கேள்வி அப்படியே நின்றுபோகிறது. இந்தத் தயக்கத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலையில் சிக்கல் வேறு விதம். ஒரகடத்திலோ ஓசூரிலோ கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னியாகச் சேரும் 22 வயதுப் பையனுக்குக் கீழே, அந்த இயந்திரத்தோடு இருபது வருடம் பழகிய ஆபரேட்டர்கள் இருப்பார்கள். காகிதப்படி இவர் மேலே. உண்மையில் இயந்திரத்தின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டே எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று சொல்பவர்கள் அந்த ஆபரேட்டர்கள்தான். முதல் வாரமே அதிகாரம் காட்டிய டிரெய்னிக்கு எந்த ஆபரேட்டரும் எதையும் சொல்லமாட்டார். இரவு ஷிப்டில் லைன் நின்றுபோகும்போதுதான் அதன் விலை தெரியும். ‘அண்ணே, இது ஏன் இப்படி அதிருது?’ என்று பக்கத்தில் போய் நின்றவருக்கு மூன்று மாதத்தில் கிடைக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் சமூகம் கையால் வேலை செய்பவரைப் படித்தவருக்குக் கீழே வைத்துப் பழகிவிட்டது. ஷாப் ஃப்ளோருக்கு வரும் பட்டதாரி முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் 1973 திருத்தத்துக்குப் பின் பொறியியல் பட்டதாரிகளுக்கும் ஓராண்டுப் பயிற்சிக்கு வழிசெய்கிறது. இதற்கான தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை சிறியது என்று அதைத் தள்ளிவிடுபவர்கள், தவறு செய்துகொண்டே கற்க அனுமதியுள்ள ஓராண்டைத் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பெண்களுக்கு இன்னொரு சுவர் உண்டு. பல இடங்களில் முடிவுகள் மீட்டிங்கில் எடுக்கப்படுவதில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஆண்கள் நின்று பேசும் பத்து நிமிடத்தில் எடுக்கப்படுகின்றன. புராஜெக்ட் யாருக்குப் போகிறது, எந்த வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார் என்ற செய்திகள் அங்கேயே பரவி அங்கேயே முடிகின்றன. அதே வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு மறுநாள்தான் தெரிகிறது. அவரை ‘ஒதுங்கியிருக்கிறார்’ என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதுகிறார்கள். டீக்கடையில் பேசியதை இருக்கைக்குத் திரும்பியதும் எல்லாருக்கும் சொல்ல வேண்டியது மூத்தவரின் கடமை. பாலியல் அத்துமீறல் நேர்ந்தால் சட்டம் துணைக்கு இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து 2013இல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். டிரெய்னிக்கும் அப்ரண்டிஸுக்கும்கூட அது பொருந்தும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள்.

கேட்க வேண்டிய இன்னொரு இடம், வேலையில் சேரும்போது கையெழுத்திடும் காகிதங்கள்; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, என்று எழுதிய தொகை முழுதும் மாதாமாதம் கைக்கு வராது. பிஎஃப்பும் வேறு பிடித்தங்களும் போக மிச்சம் எவ்வளவு என்று சேரும் முன்பே எச்ஆரிடம் கேளுங்கள். பாண்ட் இருந்தால் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று படியுங்கள். மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ‘பாண்டெல்லாம் செல்லாது’ என்ற விடுதிப் பேச்சை நம்ப வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை மோசமாக அமைந்துவிட்டால் வாழ்க்கையே போய்விடுமா? பொருளியலாளர்கள் இதையும் அளந்திருக்கிறார்கள். மந்தக் காலத்தில் படிப்பை முடித்த அமெரிக்க இளைஞர்களின் வருமான இழப்பு பதினைந்து ஆண்டுவரை தொடர்ந்ததாக லிசா கான் 2010இல் எழுதினார். கனடாவின் பட்டதாரிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில் அந்த இழப்பு ஏறத்தாழ பத்தாண்டில் கரைந்தது. கரைந்ததற்கு முக்கியக் காரணம், அவர்கள் சிறிய இடத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலான நிறுவனங்களுக்கு மாறியது. பட்டம் பெற்ற ஆண்டை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. அடுத்த இடத்துக்கு மாறுவதை ஓரளவு தேர்ந்தெடுக்கலாம். அதற்கு, முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு பேராவது ‘நல்ல பிள்ளை, தெரியலைன்னா கேட்டுச் செய்யும்’ என்று சொல்ல வேண்டும்.

புதியவருக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். வேலையை வாங்கும்போதே அதைத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘நான் புரிஞ்சுக்கிட்டது இது, முதல்ல இதைச் செய்யறேன், சரியா?’ ஆங்கிலம் தடுக்கினால் தமிழில் சொல்லுங்கள். வேலை சரியாக நடப்பதுதான் முக்கியம். அரை நாள் முயன்றும் முடியாததை, என்ன முயன்றீர்கள் என்பதோடு சேர்த்துக் கேளுங்கள். அப்படிக் கேட்பவரை யாரும் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள்.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டும் புதியவர்கள் வந்து சேர்வார்கள். உங்கள் பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், உங்களை எப்படிக் கூப்பிடலாம் என்று முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மதியம் சாப்பாட்டுக்கு உடன் அழைத்துப் போங்கள். உங்கள் முதல் வருடத்தில் நீங்கள் செய்த ஒரு தவறை அவரிடம் சொல்லுங்கள். வேலையை விளக்கி முடித்ததும் அவர் ‘சரிங்க சார்’ என்றால், அதோடு எழுந்து போய்விடாதீர்கள். ‘எங்கிருந்து ஆரம்பிக்கப் போறீங்க, ஒருமுறை சொல்லுங்க’ என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை உட்கார்ந்திருங்கள்.